நீர்முள்ளியும் உப்பில்லாத கட்டுச்சோறும்

மகள் அழகுக்கு,

இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும் என்று தொடங்குகிற வழக்கத்தை இன்று விட்டுவிடுகிறேன். அவ்விடத்துச் சுகம் எப்படி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை இளையாத்தங்குடியிலிருந்து திரும்பிய உன் பெரியப்பா மகன், நம் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே வேடிக்கையாக ஒன்று சொன்னான். “தங்கச்சி மெட்டியக் கழத்தி முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கு சின்னாத்தா. உண்டான ஒடம்புல்ல, கால் வீங்கி ஏறலயாம். அது மாமியா நீர்முள்ளி காச்சிக் குடுத்து நல்லாத்தான் பாக்குறாக” என்றான். உன் அப்பா மடித்துக்கொண்டிருந்த வெற்றிலையை அப்படியே கீழே வைத்துவிட்டார். முகம் எப்படி இருக்கிறது, தலைவலி உண்டா, கண் தெளிவாகத் தெரிகிறதா என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், பாவம். “பொம்பளப்பிள்ள மொகத்த நான் எதுக்கு உத்துப் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நீ எழுதிய கடிதத்திலோ எல்லாம் சுகம் என்று இருந்தது.

ஆகவே இந்தக் கடிதத்தை நீ அறைக்குள் வைத்துத் தனியாகப் படிக்க வேண்டாம். மத்தியானச் சாப்பாடு முடிந்து உன் மாமியார் வந்து உட்கார்ந்ததும் உரக்க வாசி. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்திருந்தால் அவர்களும் கேட்கட்டும். மாப்பிள்ளை பர்மாவில் இருக்கிறார். அவருக்கு எழுதிப் பதில் வாங்குவதற்கு நமக்கு நேரம் இல்லை. முடிவு செய்ய வேண்டியது அந்த வீட்டில் இருக்கிற பெண்கள்தான். அவர்களுக்கு முழு விஷயமும் தெரிய வேண்டும்.

முதலில் நீர்முள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அந்தச் செடிக்கு விரோதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சின்ன வயதில் எனக்குப் பிடித்த செடிகளில் அதுவும் ஒன்று. மானகிரிக் கண்மாயில் தண்ணீர் உள்வாங்குகிற தை மாதத்தில், சேறு காய்ந்தும் காயாமலும் கிடக்கிற ஓரத்தில் அது கூட்டமாக நிற்கும். முழங்காலுக்கு மேல் வளரும். கணுவுக்குக் கணு இலைகள் வட்டமாகச் சூழ்ந்திருக்கும். அந்த இலைகளின் இடுக்கில் மஞ்சள் முள் நீட்டிக்கொண்டிருக்கும். முள்ளுக்குக் காவலாகவா, முள்ளின் காவலிலா என்று தெரியாதபடி நடுவில் ஊதாப் பூ. நான் ஒரு செடியை வேரோடு பிடுங்கி, கையெல்லாம் கீறலோடு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், சிலேட்டில் படம் எழுதினேன். வாத்தியார் முள்ளை எண்ணிப் பார்த்துவிட்டு, படத்தில் ஒன்று குறைகிறது என்றார். விதையை நாக்கில் வைத்தால் எச்சில் பட்டதும் உப்பி, வழவழவென்று ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு நான் அப்படி ஒட்டவைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னார். பெஞ்சில் ஏறி நின்றேன்.

அந்தச் செடியின் குணம் நம் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் தெரியும். கால் வீங்கினாலும், நீர் சரியாக இறங்காமல் கடுத்தாலும், செடியை வேரோடு பிடுங்கிச் சேறு போக அலசி நிழலில் உலர்த்துவார்கள். பிறகு நறுக்கி, நெருஞ்சி முள்ளும் சோம்பும் வெள்ளரி விதையும் சேர்த்து, எட்டுப் பங்குத் தண்ணீர் ஒரு பங்காகச் சுண்டும்வரை காய்ச்சுவார்கள். செடியை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை வீக்கத்துக்குக் கொடுப்பதும் உண்டு. விதையை இடித்துப் பாலில் காய்ச்சினால் இளைத்த உடம்பு தேறும். பிள்ளை பெற்றவளுக்கு அதைக் கொடுப்பார்கள். கொழுந்தை முள் நீக்கிக் கீரையாகக் கடைகிற வீடும் இருக்கிறது. கஷாயம் குடிக்கிற நாளெல்லாம் உப்பு ஆகாது. இதெல்லாம் உண்மை. இதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை.

இனி உன்னைப் பெற்றவளைப் பற்றிச் சொல்கிறேன். அவள் என் அக்கா மீனாள் என்பதும், உன்னைப் பெற்ற அன்றே போய்விட்டாள் என்பதும் உனக்குத் தெரியும். பிரசவத்தில் போய்விட்டாள் என்று மட்டும்தான் நம் வீட்டில் சொல்லி வந்தோம். நீ கேட்கும்போதெல்லாம் உன் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். எப்படிப் போனாள் என்பதை இப்போது சொல்கிறேன், உன்னை அழவைக்க அல்ல. உனக்கும் கால் வீங்கியிருக்கிறது.

அக்காவை மானகிரியிலிருந்து இந்தப் புதுவயல் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் உன்னை வயிற்றில் சுமந்தபோது கால் வீங்கியது. எங்கள் ஆத்தா, உனக்கு அம்மாச்சி, ஒரு வண்டி நிறைய நீர்முள்ளிக் கட்டைப் போட்டுக்கொண்டு இங்கே வந்தாள். துணைக்கு என்னையும் விட்டுவிட்டுப் போனாள். நான் பாடப்புத்தகங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். காலையில் அக்காவுக்குக் கஷாயம் காய்ச்சுவேன். மத்தியானம் அவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்க, நான் பாடம் வாசிப்பேன். பூகோளம் வாசித்தால் தூங்கிவிடுவாள். கதை வாசித்தால் அடுத்தது என்ன என்று கேட்பாள். உப்பில்லாத கஞ்சியை முகம் சுளிக்காமல் குடித்தாள். ஒரு மாதத்துக்குள் வீக்கம் வடிந்தது. கழற்றி வைத்திருந்த மெட்டி திரும்பவும் ஏறியது. அக்கா காலை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டாள். வீட்டில் எல்லாருக்கும் அப்படியொரு நிம்மதி. உடனே கட்டுச்சோற்றுக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

பிறந்த வீட்டிலிருந்து கர்ப்பிணிக்குக் கட்டுச்சோறு கொண்டுவருவது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆத்தா புளியோதரை, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு, வடகம், மோர்மிளகாய், வறுத்த உப்புக்கண்டம் என்று பானை பானையாகக் கொண்டுவந்து இறக்கினாள். ஒரு மாதமாக உப்பைக் கண்ணில் காட்டக் கூடாது என்று சொல்லி வைத்தவளும் அவள்தான். நான் பத்தியம் என்ன ஆகும் என்று கேட்டேன். “பத்தியம் காலுக்குடி. கட்டுச்சோறு வயித்துப் பிள்ளைக்கு. உப்பில்லாமச் சோறு கொண்டாந்தா சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாக? ஒறவ முறிக்க வந்திருக்கோம்னு நெனப்பாக” என்றாள். அந்தப் பதில் அப்போது எல்லாருக்கும் சரியாகவே பட்டது. சடங்குச் சோறு சாப்பாட்டுக் கணக்கில் வராது என்றே எங்கள் பக்கத்தில் நினைத்தார்கள். அக்கா உப்புக்கண்டத்தை மென்றுகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். மிஞ்சியதை எடுத்து வைத்து மறுநாளும் சாப்பிட்டாள்.

இன்னொரு காரியமும் நடந்தது. வண்டி வாசலில் வந்து நின்றதும் உன் அப்பாவைப் பெற்ற தாத்தா செய்த முதல் உபசாரம், மாட்டை அவிழ்க்கச் சொன்னதுதான். அறுப்பு முடிந்து கண்மாய் வற்றியிருந்த சமயம். எங்கள் வண்டி மாடும் அவர்கள் வீட்டு மாடும் கண்மாய்க்குள்ளே மேய்ச்சலுக்குப் போய், இரவும் பகலும் அங்கேயே கிடந்தன. யாருக்கும் அவசரம் எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் அக்காவின் முகம் உப்பியிருந்தது. கண் இரண்டும் கீறல் மாதிரி ஆகிவிட்டன. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆத்தா அவள் சேலையை விலக்கிக் காலைப் பார்த்தாள். கால் நன்றாகத்தான் இருந்தது. “கால்ல நீர் இல்ல. நேத்துத் தூக்கம் கெட்டுருச்சு, அதான்” என்றாள். இருந்தாலும் கஷாயத்தை இன்னும் கெட்டியாகக் காய்ச்சி இரண்டு வேளை சேர்த்துக் கொடுத்தாள். பார்க்க வந்தவர்களும் காலைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு நீர்முள்ளியைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். எனக்கு மட்டும் முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்து நோய் சொல்ல எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அது நான் வாசித்துக் காட்டும்போது பார்த்துக்கொண்டிருந்த முகம் இல்லை.

அன்று உச்சிப்பொழுது. முற்றத்து வெயிலில் கண் கூசியது. அக்கா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் புத்தகத்தைப் பிரித்தேன். “விளக்க ஏத்திட்டு வாசியேன்டி, இருட்டுல ஏன் கண்ணக் கெடுத்துக்கிற” என்றாள்.

நான் புத்தகத்தைப் போட்டுவிட்டு உன் அப்பாவிடம் ஓடினேன். அவர் கேட்ட மாத்திரத்தில் புதுக்கோட்டைக்குப் போகலாம் என்றார். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருப்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். உன் தாத்தா சம்மதிக்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் ஊர் எல்லை தாண்டக் கூடாது, நாள் நன்றாக இல்லை, சம்பந்தி வீட்டார் இருக்கும்போது இப்படி ஓடினால் ஊர் என்ன சொல்லும் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். கெட்டவர் அல்ல, பயந்தவர். நான் போய் வாசலில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வண்டியில் மாடு இல்லை. நுகத்தடி மண்ணில் ஊன்றிக் கிடந்தது.

“மாடு இல்லாத வண்டியில ஏறி எங்குட்டுப் போறவ? நீயே இழுத்துட்டுப் போயிருவியோ?” என்றார் தாத்தா.

“இழுப்பேன். ஒரு பக்கம் அத்தானப் பிடிக்கச் சொல்லுங்க” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. உன் அப்பா துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கண்மாய்க்குப் போனார். மாடுகள் கருவேலங்காட்டைத் தாண்டி உள்வாயில் எங்கேயோ போய்விட்டிருந்தன. பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் பிடித்துக்கொண்டு வந்தார். நீர்முள்ளிப் புதருக்குள் ஓடி ஓடி அவர் முழங்கால்வரை ரத்தக் கீறல். அழகு, அந்த அரை நாள்தான் எங்கள் கையை விட்டுப் போனது. விடிய விடிய வண்டி போயிற்று. புதுக்கோட்டை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அக்காவுக்கு வலிப்பு வந்துவிட்டது.

டாக்டரம்மா ஒரு நிமிஷமும் வீணாக்கவில்லை. உன்னை எடுத்தார்கள், ஒரு கையில் அடங்கிவிடுகிற அளவுதான் இருந்தாய், ஆனால் குரல் பெரிதாக இருந்தது. அக்கா கண் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்த பிறகு நான் அந்த அம்மாளைவிட்டு நகராமல் நின்றுகொண்டிருந்தேன். நீர்முள்ளி கொடுத்தது தப்பா, உப்புக்கண்டம் கொடுத்தது தப்பா, எது என்று சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர்கள் என்னைத் துரத்தவில்லை. அக்காவிடமிருந்து எடுத்து வைத்திருந்த சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சின்ன விளக்கில் காட்டினார்கள். சூடு ஏற ஏற அது வெளுத்து, அவித்த முட்டையின் வெள்ளை மாதிரி திரிந்துகொண்டு வந்தது. “நல்ல உடம்புன்னா இது தெளிவாவே இருக்கும், பாப்பா. உப்பு நல்லதில்ல. ஆனா அதுக்கு முன்னாடியே நோய் உள்ள இருந்துச்சு. நீர் இறங்குதான்னு நீங்க பாத்தீங்க. நீர்ல என்ன இறங்குதுன்னு யாரும் பாக்கல. கால் வத்துனதும் நோய் போயிருச்சுன்னு நெனச்சுட்டீங்க” என்றார்கள். பிறகு உன்னைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். “இது பொம்பளப்பிள்ள. தாய்க்கு வந்தது மகளுக்கும் வரலாம். இவ பெரியவளாகி உண்டானா, கால் வீங்குறதுக்கு முன்னாடியே எங்கிட்ட கூட்டிட்டு வரணும். ஞாபகம் வச்சுக்குவியா?” என்று கேட்டார்கள்.

வைத்துக்கொள்வேன் என்று சொன்னேன். அன்றைக்கு என் கையில் வந்தவளை நான் திரும்பக் கொடுக்கவே இல்லை. சில வருஷம் கழித்து உன் அப்பாவுக்கே என்னைக் கட்டிவைத்தார்கள்; நீ சின்னாத்தா என்று கூப்பிட வேண்டியவள் ஆத்தா என்று கூப்பிட்டு வளர்ந்தாய். பள்ளிக்கூடம் அத்தோடு நின்றுபோனது. அதற்காக நான் வருத்தப்பட்டதுண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வாசிப்பதை நான் நிறுத்தவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் பலகாரம் கட்டி வந்தாலும் பிரித்து வாசிக்கிறாளே என்று உன் அப்பா இன்றைக்கும் கேலி செய்வார்.

புதுக்கோட்டையிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது பெண்கள் இரண்டு கட்சியாக இருந்தார்கள். ஒரு கட்சி, நீர்முள்ளிதான் மீனாளைக் கொன்றது என்றது. எங்கள் ஆத்தா மிச்சமிருந்த கட்டுகளையெல்லாம் அடுப்பில் போட்டு எரித்துவிட்டாள். இன்னொரு கட்சி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால்தான் செத்தாள், இன்னும் ரெண்டு நாள் கஷாயம் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றது. இரண்டு பேச்சும் தப்பு என்று நான் சொல்லிப் பார்த்தேன். சின்னப்பெண் பேச்சை யார் கேட்பார்கள்? அதனால் பேச்சை விட்டுவிட்டு, தை மாதம் வந்தால் நானே கண்மாயில் இறங்கிச் செடி பிடுங்கி உலர்த்தி வைத்தேன். நீர்க்கடுப்பு என்று வருகிறவர்களுக்குக் கொடுத்தேன், இன்றைக்கும் கொடுக்கிறேன். வெயிலில் நின்று வேலை செய்து கடுப்பு வந்தவர்களுக்கு அது கேட்கிறது. ஆனால் வயிற்றுப்பிள்ளையோடு யாராவது வீங்கிய காலைக் காட்டினால், நான் அவள் முகத்தைப் பார்க்கிறேன், தலைவலி உண்டா என்று கேட்கிறேன், கஷாயத்தைக் கையில் கொடுக்காமல் வண்டிக்குச் சொல்லி அனுப்புகிறேன். இதனால் எனக்கு வண்டிக்காரி என்று ஒரு பட்டப்பெயர்கூட உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

இவ்வளவு தெரிந்தவள் உன்னை ஏன் முன்னமே கூட்டிப் போகவில்லை என்று நீ கேட்பாய். நீ உண்டான சேதி தெரிந்ததும் உன்னை அழைத்துவர ஆள் அனுப்பினேன். மசக்கையில் பயணம் ஆகாது, மூன்றாம் மாதம் கழியட்டும் என்று அங்கிருந்து பதில் வந்தது. பிறகு ஐந்தாம் மாதம் என்றார்கள். சம்பந்தி வீட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று இங்கே எல்லாரும் சொன்னார்கள். இனி நான் ஆள் அனுப்பப் போவதில்லை.

அடுத்து வருவதை நிறுத்தி, நிதானமாக வாசி. இது உன் மாமியாருக்கு. மதினி, நீங்கள் என் மகளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வீக்கத்தைக் கண்டதும் நீர்முள்ளியைத் தேடிப் பிடித்துக் காய்ச்சியிருக்கிறீர்கள். இதற்கு மேல் ஒரு தாய்கூடச் செய்யமாட்டாள். என் ஆத்தா செய்ததும் இதுதான். அதனாலேயே கேட்டுக்கொள்கிறேன். வீக்கம் வடிந்துவிட்டால் நோய் போயிற்று என்று எண்ண வேண்டாம். வடியவில்லை என்றால் கஷாயத்தைக் கூட்டவும் வேண்டாம். நாளையிலிருந்து காலையில் அவள் எழுந்ததும் முகத்தைப் பாருங்கள். தலை வலிக்கிறது, கண்ணில் பூச்சி பறக்கிறது, நெஞ்சுக்குக் கீழே வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாலும், எனக்காகக் காத்திராமல் அந்த நிமிஷமே வண்டியோ மோட்டாரோ பிடித்துப் புறப்படுங்கள். ராகுகாலம் பார்க்க வேண்டாம். ஊர் எல்லை தாண்டினால் தோஷம் என்று யாராவது சொன்னால், அந்தத் தோஷம் என்னைச் சேரட்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.

அழகு, இது உனக்கு. நீ பேசாத பெண். வலித்தாலும் அடுப்படியில் நின்று முடித்துவிட்டுத்தான் உட்காருவாய். அதைப் பார்த்து நானே பலமுறை பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போது அந்தப் பெருமை வேண்டாம். தலை வலித்தால் சொல். பார்வை மங்கினால் கூப்பிட்டுச் சொல். மெட்டி ஏறவில்லை என்பதை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, எல்லாம் சுகம் என்று எனக்கு எழுதாதே.

வெள்ளிக்கிழமை காலையில் நானும் உன் அப்பாவும் கட்டுச்சோறு கொண்டுவருகிறோம். ஊருக்கும் உறவுக்கும் கொடுக்க உப்புப் போட்ட சோறு வரும். ஒருவருக்கும் மனக்குறை இருக்காது. உனக்கு மட்டும் தனிச் சட்டியில் உப்பில்லாமல் வரும். புளியும் எள்ளும் மிளகும் தூக்கலாகப் போட்டிருப்பேன், வாய்க்கு நன்றாகவே இருக்கும். உறவை முறிக்க வந்ததாக நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். மாற்றுச்சேலை இரண்டை மட்டும் மூட்டை கட்டி வை. காரைக்குடிக்கு இப்போது ரயில் வந்துவிட்டது; சாயங்காலத்துக்குள் புதுக்கோட்டை போய்விடலாம். அந்த டாக்டரம்மா இன்னும் இருக்கிறார்களோ என்னவோ, அந்தக் கண்ணாடிக் குழாயும் விளக்கும் இருக்கும். அது தெளிவாக இருந்தால் அவர்கள் சொல்கிறபடி கேட்டுக்கொண்டு, உன்னைத் திரும்பக் கொண்டுவந்து உன் மாமியார் கையில் விடுகிறேன், அவர்கள் என்னைப் பைத்தியக்காரி என்று சிரிக்கட்டும். தெளிவாக இல்லாவிட்டால் அங்கேயே உன்னோடு இருப்பேன், பிள்ளை பிறக்கிறவரை. பிறந்த பிறகு பாலில் காய்ச்சித் தர நீர்முள்ளி விதை இடித்து வைத்திருக்கிறேன். அதையும் எடுத்து வருகிறேன். மெட்டி முந்தானையிலேயே இருக்கட்டும். பிள்ளையோடு திரும்புகிற அன்று நான் போட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் அங்கே எல்லாரிடமும் இப்போதே சொல்லிவிடு. வண்டி வாசலில் வந்து நின்றதும் உபசாரத்துக்கு யாரும் ஓடிவந்து மாட்டை அவிழ்க்க வேண்டாம். தண்ணீரை நுகத்தடியிலேயே காட்டட்டும். உன் அப்பா வண்டியை விட்டு இறங்கமாட்டார்.

ஆத்தா